இருபது நிமிஷ ஹீட்டர்

லாத்தா எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால்தான் நம்புவாள். டிவியின் முதுகைத் தொட்டு, பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று சொல்லிவிடுவாள். இஸ்திரிப் பெட்டியைத் தொடுவாள். பிளக் செருகும் இடத்தைத் தொடுவாள். எங்கள் அறைக் கதவுக்கு அடியில் கையை நீட்டினால், உள்ளே ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்று தெரியுமாம்.

"என்ன லாத்தா, டாக்டர் மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார்.

"டாக்டரு தொட்டா காசு போவும். நான் தொட்டா காசு நிக்கும்" என்றாள்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் நான் இஸ்திரி போட்டுவிட்டுப் போன பெட்டியை அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ரெண்டு சட்டையா புள்ள?" என்று கேட்ட நாள் அது.

அஜ்மானில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. ஓர் அறையில் லாத்தாவும் அவள் கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும். இன்னோர் அறையில் நானும் என் கணவரும். வாடகையிலும் கரண்ட் பில்லிலும் ஆளுக்குப் பாதி. அவர்கள் ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். அங்கே அக்காவை லாத்தா என்பார்கள் என்று அவளே முதல் நாள் சொன்னாள். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை.

நான் புதுக்கோட்டைப் பக்கம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். பி.எஸ்சி. பிசிக்ஸ். அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து பெட்டியின் அடியில் வைத்து விமானம் ஏறினேன். வந்த இடத்தில் ஒரு கார்கோ ஆபீஸில் எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று கம்ப்யூட்டரில் தட்டும் வேலைதான் கிடைத்தது. அந்த எரிச்சல் எனக்குள் எப்போதும் இருந்தது. வீட்டுக்கு வந்தால், ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய லாத்தா எனக்குச் சூட்டைப் பற்றிப் பாடம் எடுப்பாள்.

ஏன் அப்படி இருந்தாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

அப்போது வாடகை ஏறத் தொடங்கியிருந்த காலம். கட்டடத்துக்குக் கட்டடம் ஆண்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு ஒரு கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் பெட் ஸ்பேஸுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். லாத்தாவின் கணவர் பர் துபாயில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கோபப்படாத மனிதர். எதையும் தாழ்ந்த குரலில் முடிவாகச் சொல்லிவிடுவார். அக்டோபரில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதும், அவர் லாத்தாவிடம் அதே தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார். ஏ.சி. ஓடாத குளிர்காலத்திலாவது பில் குறைந்தால் எப்படியோ சமாளிக்கலாம். குறையாவிட்டால் மார்ச்சில் பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் மூன்று பேருக்கும் டிக்கெட்.

மறுநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள்.

"நிக்காஹ் முடிஞ்சு பதினோரு வருஷம் புள்ள. அதுல ஒம்போது வருஷம் போன்லதான் குடும்பம் நடத்துனேன். இங்க வந்து ரெண்டு வருஷம்தான் ஆவுது. திரும்பவும் போன்ல எல்லாம் என்னால முடியாது."

"அதெல்லாம் குறைஞ்சிரும் லாத்தா. குளிர்காலத்துல எதுக்குக் கரண்ட் ஆகப்போகுது?" என்றேன். படித்தவள் சொன்னதால் தைரியமாக இருக்கிறது என்றாள். அடுத்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று.

துபாய்ப் பக்கம் குளிரா என்று ஊரில் சிரிப்பார்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு ஜனவரி இருந்து பார்க்க வேண்டும். வெயிலுக்காகக் கட்டிய வீடு. தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. சுவரில் ஓட்டை போட்டு உட்கார வைத்த ஜன்னல் ஏ.சி.யின் இடுக்கு வழியாகக் கடல் காற்று உள்ளே வரும். அதிகாலையில் டைல்ஸில் கால் வைத்தால் பல் கிட்டும்.

லாத்தா நவம்பரிலேயே வேலையைத் தொடங்கிவிட்டாள். கீழ் வீட்டில் ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். அதன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். ஏ.சி.யின் முகத்தை அளந்து, அட்டையை வெட்டி, பின்னால் பழைய போர்வையை அடைத்து, பிரவுன் டேப்பால் சுற்றிலும் ஒட்டினாள். என்னுடைய கார்கோ ஆபீஸிலிருந்து டேப் கொண்டுவரச் சொன்னாள். "ஆபீஸ் சாமானை எடுக்கமாட்டேன் லாத்தா" என்றேன். "ஒரு உருண்டைதானே புள்ள, கப்பலையா கேட்டேன்?" என்றாள். கடைசியில் என் காசில் கடையில் வாங்கிக் கொடுத்தேன்.

காலை பத்து மணிக்கு ஹால் திரையை விலக்குவாள். வெயில் விழுகிற சதுரத்தில் எல்லோருடைய தலையணைகளையும் கம்பளிகளையும் பரப்பி, வெயில் நகர நகர அவற்றையும் நகர்த்துவாள். பிற்பகல் அஸர் பாங்கு சொன்னதும் திரையை இழுத்து மூடிவிடுவாள். அதன்பிறகு யாரும் ஜன்னலைத் திறக்கக்கூடாது. ராத்திரிச் சமையலை மாலைக்கு மாற்றினாள். அடுப்புச் சூடு ஹாலுக்கு வரவேண்டுமாம். அதனால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்குத் தடை. நான் ஆபீஸுக்குப் போட்டுப்போகும் துணியிலெல்லாம், லாத்தா ஆணம் என்று சொல்லும் மீன் குழம்பு மணந்தது. பக்கத்து சீட்டு மலையாளிப் பெண், "இன்னிக்கு சூரை மீனா?" என்று கேட்டாள். சரியாகவே கேட்டாள்.

"சூட்ட உண்டாக்குறதுதான் கரண்டு. அதைக் காப்பாத்துறது மனுசன்" என்பாள் லாத்தா. ஒருநாளைக்கு இரண்டு முறையாவது சொல்வாள்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது, வாசல் கதவின் அடியில் ஒரு துணி உருளை கிடந்தது. நீலக் கரை, வெள்ளை உடம்பு. பட்டமளிப்பு விழாவுக்கு நான் கட்டிப்போன பருத்திச் சேலை. உள்ளே பழைய துணிகளைத் திணித்து, இரண்டு முனையையும் கயிற்றால் கட்டி, கதவிடுக்கில் வைத்திருந்தாள்.

"லாத்தா, இது என் சேலை!"

"தெரியுமே. கொடியில கெடந்துச்சு. வெளுத்துப்போன சேலைதானேம்மா? நீதான் சேலையே கட்டுறதில்லையே."

"இது நான் டிகிரி வாங்கினப்போ கட்டினது."

அவள் உருளையைக் குனிந்து பார்த்தாள். பிறகு கதவிடுக்கில் உள்ளங்கையை நீட்டினாள். "இங்க கைய வெச்சுப் பாரு. ஒரு சொட்டுக் காத்து வருதா? டிகிரி நல்லா வேலை செய்யுது புள்ள."

இரண்டு நாள் நான் அவளிடம் பேசவில்லை. சேலையை எடுக்கவும் இல்லை. எடுத்தால் காற்று வரும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் இல்லை, குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர். அங்கே கோடையில் மொட்டை மாடித் தொட்டி வெயிலில் கொதிக்கும். பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தோல் வெந்துபோகும். ஆகவே எல்லா வீட்டிலும் கோடையில் வாட்டர் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். அதன் டேங்க் வீட்டுக்குள் நிழலில் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீர் ஆறிக் கிடக்கும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து குளிர்ந்த தண்ணீரில் குளிப்போம். குளிர் வந்தால் ஹீட்டரைப் போடுவோம், குழாய்கள் சொந்த வேலைக்குத் திரும்பும்.

அந்த டேங்க் குளியலறையின் பொய்க்கூரைக்கு மேலே இருந்தது. லாத்தாவின் உள்ளங்கை எட்டாத ஒரே சாமான் அந்த வீட்டில் அதுதான். குளியலறைக்கு வெளியே சுவரில் அதன் ஸ்விட்ச். நவம்பர் கடைசியில், குளிருக்காக முதல் முறை போட்டபோது, அந்த ஸ்விட்ச் கருகிப் புகைந்தது. லாத்தா புது ஸ்விட்ச் வாங்கவில்லை. ஷார்ஜாவில் பழைய சாமான் விற்கிற இடத்திலிருந்து ஒன்றை வாங்கிவரச் செய்தாள். அதன்மேல் யாரோ சுவர் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதிலிருந்த குட்டிச் சிவப்பு விளக்கு எரியாது. "வெளக்கு எரிஞ்சாலும் கரண்டுதானே, எரியாட்டி நல்லது" என்றாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்றதற்கு, அவளுக்கு நெஞ்சே அடைத்துவிட்டது.

"நான் மாட்டுறேன்" என்றேன்.

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, பழைய ஸ்விட்சைக் கழற்றி, ஒயர்களைப் பார்த்துப் பார்த்து இறுக்கி, பிளேட்டை இரண்டு திருகால் பூட்டினேன். லாத்தாவும் இரண்டு பெண்களும் கீழே நின்று பார்த்தார்கள். மறுநாள் காலை குழாயில் சுடுதண்ணீர் வந்தது. "எங்க ஊட்ல ஒரு எஞ்சினியர் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் லாத்தா சொன்னது என் காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை.

அதன்பிறகு ஹீட்டருக்கு ஒரு சட்டம் வந்தது. காலை ஆறு மணிக்கு, சுபுஹு தொழுதுவிட்டு வந்து, லாத்தா ஸ்விட்சைக் கீழே தட்டிப் போடுவாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள். ஆறு இருபதுக்கு மேலே தட்டி அணைப்பாள். அதன்பிறகுதான் நானும் பெண்களும் குளிக்கலாம். மாலையில் ஆண்களுக்கு இன்னோர் இருபது நிமிஷம். வேறு யாரும் அந்த ஸ்விட்சைத் தொடக்கூடாது.

அவளுக்கு அந்த இருபது நிமிஷமும் கிடையாது. ஐந்து மணிக்கு எழுந்து பச்சைத்தண்ணீரில் குளிப்பாள். தலையில் ஒவ்வொரு குவளையாக விழும்போதும் "அல்லா... அல்லா..." என்று மூச்சு இழுப்பது என் அறைவரை கேட்கும்.

"நீங்களும் ஆறு மணிக்கு மேல குளிச்சா என்ன லாத்தா?"

"எனக்குச் சூடு ஒத்துக்காது."

பொய். டீயை ஆவி பறக்கக் குடிக்கிறவள் அவள்.

இருபது நிமிஷத்தில் தண்ணீர் கொதித்தது என்பதுதான் வியப்பு. அந்தப் பழைய டேங்குக்கு இருபது நிமிஷம் போதவே போதாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் குழாயில் கை வைக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல் என்பதால், லாத்தாவிடம் சண்டை போட்டு எட்டு மணிக்கே ஹீட்டரைப் போட்டேன். இரண்டு மணி நேரம் போட்டு வைத்தேன். முதலில் குளித்த பெண்களுக்குச் சூடாக வந்தது. என் கணவருக்கு வெதுவெதுப்பாக வந்தது. கடைசியில் தலை நிறையச் சீயக்காயோடு நான் உட்கார்ந்திருந்தபோது பச்சைத்தண்ணீர் வந்தது.

நடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நான் சொன்னேன்ல? ரொம்ப நேரம் போட்டா ஹீட்டர் சலிச்சுப் போயிரும் புள்ள. இருபது நிமிஷந்தான் அதுக்கு அளவு."

"அப்படியெல்லாம் இல்ல லாத்தா! அதிக நேரம் கரண்ட் போனா அதிகச் சூடு. இது பிசிக்ஸ்."

"ஒன் பிசிக்ஸு தலைய துவட்டச் சொல்லுதா? மொதல்ல துவட்டு. சளி புடிக்கும்."

இன்னொரு நாள் நண்பகலில் என் கணவர் மறதியாகச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டார். காலையில் அணைத்த ஹீட்டர், மதியம்வரை எப்படிச் சூடாக இருக்கும்? லாத்தாவுக்கு அதற்கும் பதில் இருந்தது. "சன்னலு, கதவு எல்லாம் நான் அடைச்சு வெச்சிருக்கேன்ல? சூட்ட வெளிய விடலேன்னா அது எங்க போவும்? வீட்டுக்குள்ளதான் தங்கும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் சொல்வது தவறு என்று தெரிந்தது, சரி எது என்று சொல்லத் தெரியவில்லை. டேங்கின் உள்ளே தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும் என்று ஏதோ சொன்னேன். அது என்னவென்று அவள் கேட்டாள். விளக்கினேன். "கெட்டும் நல்லாத்தானே வேலை செய்யுது" என்று போய்விட்டாள். அவளை மடக்குவதிலேயே நான் குறியாக இருந்தேன். ஒரு நிமிஷம் அந்த ஸ்விட்சின் முன்னால் நின்று யோசிக்கவில்லை.

ஜனவரியில் மழை பெய்தது. அறையில் இருக்க முடியாமல், சின்னதாக ஒரு ஃபேன் ஹீட்டர் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள் லாத்தா எங்கள் அறைச் சுவரில் வெளியிலிருந்து உள்ளங்கையை வைத்தாள். நான்காம் நாள் ஹீட்டரைக் காணவில்லை. தேடித் தேடி, அரிசி டிரம்முக்குள் கண்டுபிடித்தேன்.

"என் காசுல வாங்கின சாமான் லாத்தா."

"ஓடுறது ரெண்டு பேரு கரண்டுல புள்ள." பிறகு குரலை இறக்கி, "மார்ச்சு வரைக்கும் பொறுத்துக்க. எனக்காவ" என்றாள்.

அன்று மாலை ஊருக்குக் கொண்டுபோக ஜிப் போட்ட பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த புலிப்படக் கம்பளியைப் பிரித்து, எங்கள் அறைத் தரையில் விரித்தாள். நாத்தனாருக்கென்று வாங்கி வைத்தது அது. இரண்டு வருஷமாக யாரையும் தொடவிடாதது.

"போர்த்திக்கிறதவிட கீழ போட்டாத்தான் நல்லது. குளிரு கால் வழியாத்தான் ஏறுது. பயப்படாம மிதி, கடிக்காது."

ஃபேன் ஹீட்டரை டிரம்மிலேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டு, லாத்தாவின் கணவர் கரண்ட் பில்லை ஹாலில் விரித்தார். நாங்கள் நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஏ.சி. ஓடிய மாதங்களைவிடக் குறைவுதான். ஆனால் போன குளிர்காலத்தைவிடக் கூடுதல்.

"ஏ.சி. இல்ல. ஃபேன் இல்ல. டிவிகூட இல்ல" என்றார் தாழ்ந்த குரலில். "எங்க போவுது கரண்டு?"

லாத்தா பில்லைத் தொட்டாள். உள்ளங்கையை வைத்தாள், அதிலும் சூடு பார்ப்பவள்போல. பிறகு என்னைப் பார்த்தபடி கணவரிடம் சொன்னாள்.

"படிச்ச புள்ளகிட்ட கேளுங்க மச்சான். ரூமுக்குள்ள என்ன ஓடுதுன்னு."

மூன்று வாரமாக அரிசிக்குள் கிடந்த ஹீட்டர், மீன் மணத்த துணி, கதவிடுக்கில் கிடந்த சேலை எல்லாம் சேர்ந்து எனக்குள் எழுந்தது.

"என் ஹீட்டர் உங்க அரிசி டிரம்முலதான் இருக்கு, போய்த் தொட்டுப் பாருங்க" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "லாத்தா, ஒண்ணு சொல்றேன். அட்டை ஒட்டினா குளிர் வராது, வாஸ்தவம். ஆனா அதுக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம்? நாமதான் ரூமுக்கு ஹீட்டரே போடலையே, அப்புறம் அட்டையும் துணியும் எந்தக் கரண்ட மிச்சம் பண்ணும்? நீங்க மூணு மாசமா பண்ணுன எதுவும் பில்லுல ஒரு திர்ஹாமக்கூடக் குறைக்காது. எல்லாம் வீண்."

நான் சொன்னது பிசிக்ஸ்படி சரி. இன்றைக்கும் சரிதான்.

லாத்தா பில்லிலிருந்து கையை எடுத்தாள். தன் கணவரைப் பார்த்தாள். அவர் பில்லை நான்காக மடித்தார்.

"படிச்ச புள்ள சொல்லிருச்சுல்ல" என்றார். "ஹலாஸ். அவ்வளவுதான். பரீட்சை முடியட்டும்."

என் கணவர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். லாத்தாவின் கணவர் அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்து அறைக்குள் போனார். லாத்தா தட்டுகளை அடுக்கினாள். மாலை ஆறு மணிக்குக் குளியலறைச் சுவரருகே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஆறு இருபதுக்கு ஸ்விட்சை மேலே தட்டினாள்.

போகும்வரை அவள் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பிக்கொண்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மார்ச் கடைசியில் ஏ.சி.யின் அட்டைகளைக் கிழியாமல் உரித்து, டேப் ஓரங்களை வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று பெரிய பெண்ணை எழுதச் சொல்லி, எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். "அடுத்த குளிருக்கு ஆவும். மில்லிமீட்டர் பிசகாது." சேலையைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். வண்டி வந்ததும் என் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிரியமாக வைத்தாளா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாளா தெரியவில்லை.

அவள் கணவர் பர் துபாயில் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு பெட் ஸ்பேஸுக்குப் போனார். அவர்கள் அறைக்கு வேறு குடும்பம் வரும்வரை வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மே மாதம் வெயில் ஏறியது. ஒரு மதியம் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். கொதித்தது. சரி, கோடை வந்துவிட்டது, ஹீட்டரைப் போட்டே பல நாளாகிறதே, டேங்க் தண்ணீர் ஆறித்தான் இருக்கும் என்று சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.

அலறிவிட்டேன். பச்சைத்தண்ணீரைவிட இரண்டு மடங்கு சூடு. ஆவி பறந்தது.

ஈரக் கையோடு வெளியே வந்து ஸ்விட்சைப் பார்த்தேன். மேலே தட்டி அணைத்திருந்தது. லாத்தா போன பிறகும் நாங்கள் அவள் சட்டத்தை மீறவில்லை. பெயின்ட் அடித்த அந்த வெள்ளைப் பிளேட்டில் சிவப்பு விளக்கின் சின்னக் கண் கீழே இருந்தது. எங்கள் அறை ஏ.சி. ஸ்விட்சைப் போய்ப் பார்த்தேன். அதே மாதிரி ஸ்விட்ச். அதில் கண் மேலே இருந்தது.

நான் அதைத் தலைகீழாக மாட்டியிருந்தேன்.

லாத்தா ஆறு மணிக்கு அணைத்திருக்கிறாள். இருபது நிமிஷம் நின்று, ஆறு இருபதுக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த இரண்டு இருபது நிமிஷங்களைத் தவிர, குளிர்காலம் முழுக்க இரவும் பகலும் அந்தப் பழைய டேங்க் காய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அடம்பிடித்து "போட்டு" வைத்த இரண்டு மணி நேரம்தான் அது நன்றாக ஓய்வெடுத்த நேரம். இதைவிடத் தெளிவாக ஒரு பரிசோதனையை எந்த லேப்பிலும் செய்து காட்ட முடியாது. என் தலைமேலேயே நடந்தது. சீயக்காயோடு உட்கார்ந்து சண்டைதான் போட்டேன்.

ஸ்டூலை எடுத்துவந்து திருகைக் கழற்றும்போது, எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம்தான், ஆனாலும் வந்தது. ஒரே ஒரு நாள் அவள் ஐந்து மணிக்குச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்திருந்தால் போதும். இரவெல்லாம் அணைந்து கிடக்க வேண்டிய டேங்கிலிருந்து கொதிநீர் வருவதை அந்த உள்ளங்கை தொட்டிருக்கும். ஒரு நொடியில் பிடித்திருப்பாள். ஒரு குவளை வெந்நீரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளத் தெரியாதவள்.

கடைக்குப் போன் செய்து அவள் கணவரிடம் சொன்னேன். பில் கூடியதற்கு அவள் காரணமில்லை, நான்தான் காரணம் என்று இரண்டு முறை சொன்னேன்.

"அப்படியாம்மா?" என்றார் அதே தாழ்ந்த குரலில். "சரி, இனி என்ன. பிள்ளைங்களுக்கு ஊர்ல ஸ்கூல்ல எடம் வாங்கியாச்சு. இங்க வாடகையும் ஏறிட்டுத்தானே போவுது. ஹலாஸ்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

கீழே பக்காலா மளிகைக் கடையில் போன் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டு தெருமுனை பூத்துக்குப் போனேன். பத்தொன்பது நிமிஷம் பேசலாம் என்று அந்த ரெக்கார்டு குரல் சொன்னது. லாத்தாதான் எடுத்தாள்.

"யாரு? ஏம் புள்ள, பகல்ல போன் போடுறே? நல்லா இருக்கீகளா ரெண்டு பேரும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்சைப் பற்றி, விளக்கின் கண்ணைப் பற்றி, நான் மாட்டிய விதத்தைப் பற்றி. "எல்லாம் வீண்னு சொன்னேனே லாத்தா, அது..." என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"மச்சான்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"ஹலாஸ்னாரு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் குளிக்கையில எல்லாம்," என்றாள் மெதுவாக, "மேல அது சூடாவா இருந்துச்சு?"

"ஆமா லாத்தா."

"ம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் வந்திருந்தேன்.

"இப்ப ஸ்விட்சத் திருப்பி மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேன்."

"சரி. வையி. கார்டுல காசு போயிரும்."

வைத்துவிட்டாள். கார்டில் இன்னும் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருந்தது.